ஹோண்டா சிட்டி வாங்கலாமா: 2018 பழசு, 2021 பழசு, இல்ல புதுசா? (குடியாத்தம்)

கவுண்டன்யக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம், வேலை ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில. வீட்ல இப்ப ஓடிக்கிட்டிருக்கிறது ஒரு பழைய வேகன் ஆர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுக்கப்புறம் மாசாமாசம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். வீல்சேரை மடிச்சு ஏத்தினா பின்சீட்ல ஒரு பக்கம் போயிடுது. அப்பா, அம்மா, நான் போறோம், வீட்டுக்காரி பின்னாடியே பஸ்ல வர்றாங்க. இது இனிமே சரிப்பட்டு வராது. பெரிய டிக்கி, காலை நீட்டி உட்கார்ற மாதிரி பின்சீட், வேலூர் வெயிலுக்குத் தாக்குப் பிடிக்கிற ஏசி, இந்த மூணும் வேணும். எஸ்யூவி உயரத்துக்கு அப்பாவால காலைத் தூக்கி வைக்க முடியாது. அதனால செடான்தான்னு முடிவு பண்ணிட்டோம். எங்க வீட்ல எல்லாருக்கும் மனசு ஹோண்டா சிட்டி மேலதான்.

சத்துவாச்சாரியில பழைய கார் விக்கிற ஒரு கன்சல்டிங்ல 2018 மாடல், வி வேரியன்ட், பெட்ரோல் மேனுவல் பார்த்தேன். 62,000 கி.மீ., சிங்கிள் ஓனர், டிஎன் 23 நம்பர். 7 லட்சம் சொல்றாங்க. இன்னொண்ணு சென்னையில, 2021 புது ஷேப், விஎக்ஸ் சிவிடி (தானா கியர் மாறுறது), 38,000 கி.மீ., பத்தே கால் லட்சம். மூணாவது, லோன் போட்டு ஷோரூம்லயே புதுசு எடுத்துடலாமான்னு ஒரு யோசனை. இதுக்கு நடுவுல பெங்களூர்ல இருக்கிற சித்தப்பா பையன் ஒரு கேஏ நம்பர் டீசல் சிட்டி ஐந்தரைக்கு இருக்குன்னு போட்டோ அனுப்பிட்டே இருக்கான்.

கையில 8 லட்சம் இருக்கு, அதுக்கு மேல போனா லோன்தான். மாசம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு கி.மீ. ஓடும். வீட்டுக்காரியும் ஓட்டக் கத்துக்கறாங்க. எது சரியா இருக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

*

வாலாஜா டீசல் எழுதியது:

நான் நாலாவது தலைமுறை சிட்டி டீசல் வெச்சிருக்கேன் சார், நீங்க பார்த்த 2018 வண்டியோட அதே ஷேப். ஹைவேயில அதுக்கு இணை இல்ல. வாலாஜாவுல இருந்து ஓசூர் வரைக்கும் வேலை விஷயமா அடிக்கடி போவேன். ஆறாவது கியர்ல போட்டுட்டா பள்ளிகொண்டா, வாணியம்பாடின்னு டோல்ல நிக்கிற நேரம்தான் நிக்கிற நேரம். 200 நியூட்டன் மீட்டர் டார்க், ஃபுல் லோடுலயும் இழுவை குறையாது. இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கும், அது உண்மை.

ஆனா உங்க ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். குடியாத்தம், வேலூர், ஆம்பூர்னு சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுறவங்களுக்கு பெட்ரோல்தான். அதுலயும் 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு புகைக் கரியைப் பிடிக்கிற ஒரு ஃபில்டர் இருக்கு. அது நீளமா, ஒரே வேகத்துல ஓடினாத்தான் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். டவுனுக்குள்ளயே சுத்தினா அடைச்சுக்கும்.

பெங்களூர் வண்டி பத்தி ஒரு வார்த்தை. விலை குறைவாத் தெரியும். அங்கே ஆர்டிஓவுல என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுக்கணும், இங்கே வந்து மறுபதிவு பண்ணணும், வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி நம்ம ஊர் லைஃப் டேக்ஸ் கட்டணும். அங்கே கட்டின டேக்ஸை ரீஃபண்ட் கேட்டு அலையணும். இதையெல்லாம் கூட்டிட்டு அப்புறம் ஐந்தரையைப் பாருங்க.

*

பாலாறு பட்டறை எழுதியது:

தம்பி, நான் காட்பாடி பக்கம் பட்டறை வெச்சிருக்கேன். எல்லா கம்பெனி வண்டியும் வரும், சிட்டி நிறையவே வரும். நீங்க அப்பாவுக்காகப் பார்க்கறீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உங்க ரெண்டாவது வண்டியும் மூணாவது வண்டியும் ஒரே வண்டி. இதை முதல்ல மனசுல வாங்கிக்குங்க. ஐந்தாவது தலைமுறை சிட்டி வந்தது 2020 ஜூலையில. இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிறதும் அதேதான். அதே 1.5 லிட்டர் இன்ஜின், அதே 121 பிஎஸ், அதே 145 நியூட்டன் மீட்டர், அதே 506 லிட்டர் டிக்கி. 2023 மார்ச்ல பம்பர், கிரில் மாத்தினாங்க, கேமரா வெச்சு தானா பிரேக் போடுற ஏடாஸ் சேர்த்தாங்க, டீசலை நிறுத்தினாங்க. பெட்ரோல் வண்டியோட எலும்பு மாறல.

அப்ப புதுசுக்குக் கூடக் கொடுக்கிற காசு எங்கே போகுது? 12 லட்சம் எக்ஸ் ஷோரூம்னு வெச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் இந்த சைஸ் வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்னாடி செஸ்ஸோட சேர்த்து 45 இருந்தது, குறைஞ்சும் இவ்வளவு. அந்த 12 லட்சத்துக்குள்ளயே கிட்டத்தட்ட 3 லட்சத்து 43 ஆயிரம் வரி உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேல நம்ம மாநில லைஃப் டேக்ஸ். 2023 நவம்பர்ல ஏத்தினதுல இருந்து 10 லட்சத்துக்கு மேல, 20 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 18 சதவீதம். அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம். ரெண்டும் சேர்த்தா ஐந்தரை லட்சத்துக்கு மேல, நீங்க சாவி வாங்குறதுக்கு முன்னாடியே போயிடுது. பழைய வண்டியில இதையெல்லாம் முதல் ஓனர் கட்டிட்டார். தமிழ்நாட்டு நம்பரா இருந்தா பேர் மாத்துற செலவோட முடிஞ்சது. பத்து வருஷம் வெச்சு ஓட்டப் போறேன், மாசத் தவணை எனக்குப் பெரிசு இல்லைன்னு சொல்றவங்க புதுசு எடுக்கட்டும், தப்பில்ல. கையில 8 லட்சம் வெச்சிருக்கிற, ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இப்ப 2018-ஆ, 2021-ஆ? ரெண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற தூரம், ஒண்ணுதான், 2600 மி.மீ. நாலாவது தலைமுறை டிக்கி 510 லிட்டர், கால் வைக்கிற இடமும் தாராளம். வீல்சேர் ரெண்டுலயும் போயிடும். அகலம்தான் வித்தியாசம். பழசு 1695, புதுசு 1748. ரெண்டு அங்குலம். பின்னாடி மூணு பேர் உட்கார்ந்தா அந்த ரெண்டு அங்குலம் தோள்பட்டையில தெரியும். அப்புறம் மேனுவல்னு பார்த்தா பழசுல அஞ்சு கியர், புதுசுல ஆறு. பை-பாஸ்ல நூறுல போகும்போது பழசுல இன்ஜின் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். பாதுகாப்புன்னு பார்த்தா, நாலாவது தலைமுறையை 2022-ல குளோபல் என்கேப் மோதிப் பார்த்து 4 ஸ்டார் கொடுத்தாங்க. ஐந்தாவது தலைமுறை ஆசியான் என்கேப்ல 5 ஸ்டார் வாங்கினது. ஏர்பேக் எத்தனைங்கிறது வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும், ஓனர் சொல்றதை நம்பாம ஒவ்வொரு தூண்லயும், சீட் ஓரத்துலயும் ஏர்பேக்னு எழுத்து இருக்கான்னு பாருங்க.

ஹைப்ரிட் சிட்டியைப் பத்தி யாராவது சொன்னா உங்களுக்கு வேண்டாம். மைலேஜ் அருமை, ஆனா பேட்டரி டிக்கியில 200 லிட்டரைத் தின்னுடும். 306 லிட்டர்தான் மிஞ்சும். வீல்சேரோட அல்லாடணும்.

சென்னை வண்டின்னு சொன்னீங்களே, அதுலதான் எனக்குக் கவலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணியில நின்ன வண்டிங்க நிறைய வெளியூர் கன்சல்டிங்குக்கு வந்துடுச்சு. வெளியே பளபளன்னு இருக்கும். நீங்க போனதும் பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, சுருள் தீர்ற வரைக்கும். மேல் பாதி சுத்தமா இருக்கும், கழுவியிருப்பாங்க. உள்ளே சுருண்டிருக்கிற கடைசி முழத்துல ஒரு மண் கோடு தெரிஞ்சா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. அப்புறம் டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியோட அடியில விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. முன்சீட்டோட தண்டவாளத்துக்கு அடியில டார்ச் அடிச்சு போல்ட் தலையில துரு பூத்திருக்கான்னு பாருங்க. கார்பெட்டை மாத்துவாங்க, அந்த போல்ட்டை யாரும் மாத்த மாட்டாங்க.

2018 வண்டிக்கு ஒரு வேலை தனியா இருக்கு. 2018-ல தயாரான ஹோண்டா வண்டிகளுக்கு ஃப்யூயல் பம்ப் மாத்தச் சொல்லி 2020-ல ரீகால் விட்டாங்க. 2024-லயும் பழைய மாடல்களுக்கு இன்னொரு அறிவிப்பு வந்தது. 17 எழுத்து சேசிஸ் நம்பரை ஹோண்டா இணையதளத்துல போட்டா உங்க வண்டி அதுல வருதா, மாத்தியாச்சான்னு தெரியும். மாத்தலைன்னா காசு வாங்காம மாத்தித் தருவாங்க.

*

ராணிப்பேட்டை டீச்சர் எழுதியது:

தம்பி, என் மாமியாருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனவங்க. அவங்களை வெச்சுப் பார்த்ததுல சொல்றேன். வண்டி பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வராதீங்க.

செடான்ல உட்கார்றது சுலபம், எழுந்திருக்கிறதுதான் கஷ்டம். சீட் தாழ்வா இருக்கும். அவங்க முதல்ல கால் ரெண்டையும் வெளியே வைப்பாங்க, ஒரு கையால மேலே இருக்கிற பிடியைப் பிடிப்பாங்க, இன்னொரு கை முன்சீட்டு முதுகுக்குப் போகும். அப்ப தலை கூரை விளிம்புல இடிக்குதா, கதவு முழுசாத் திறந்து நிக்குதா, இல்ல பாதியில திரும்பி வருதா, இதைப் பாருங்க. பக்கவாதம் எந்தப் பக்கம்னு நீங்க சொல்லல. நல்லா இருக்கிற கை எந்தப் பக்கமோ, அந்தக் கைக்குப் பிடி கிடைக்கிற மாதிரி எந்தக் கதவு வழியா ஏத்தணும்னு முடிவு பண்ணுங்க. சில பேருக்குப் பின்சீட்டை விட முன்சீட்டைப் பின்னாடி தள்ளி உட்கார வைக்கிறது வசதி.

சிட்டியிலயே நிக்காம விர்டஸ், ஸ்லாவியா, வெர்னாவையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. விர்டஸ் தரையில இருந்து 179 மி.மீ., சிட்டி 165. எங்க தெரு வேகத்தடைக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியுது, நாலு பேரோட போனா சிட்டி அடியில உரசும்.

*

கவுண்டன்யக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரம்மா, அப்பாவுக்கு இடது பக்கம்தான். அவரைக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தோணவே இல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அண்ணா, ரெண்டு கேள்வி. வீட்டுக்காரி ஓட்டறதுக்கு சிவிடி நல்லதா, இல்ல அது ரிப்பேர் ஆனா பெரிய செலவா? அப்புறம், இப்ப பங்க்ல வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 2018 வண்டி தாங்குமா?

*

பாலாறு பட்டறை எழுதியது:

இ20 பத்திப் பயப்பட வேண்டாம். 2009 ஜனவரியில இருந்து இங்கே தயாரான தன்னோட வண்டிகள் இ20-க்கு ஈடு கொடுக்கும்னு ஹோண்டாவே சொல்லியிருக்கு. மைலேஜ் கொஞ்சம் குறையும், அது எந்த வண்டிக்கும்தான்.

சிவிடி நல்ல கியர் பெட்டி. கிரீன் சர்க்கிள்லயும் காட்பாடி பாலத்துலயும் மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்கு இடது காலுக்கு நிம்மதி. ஆனா அதோட ஆயில் தனி, ஹோண்டாவோட எச்சிஎஃப்-2 தவிர வேற எதையும் ஊத்தக் கூடாது. சுமார் 40,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்தணும். நீங்க பார்த்த வண்டி 38,000-ல விக்குது. மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க. ஓட்டிப் பார்க்கும்போது நின்ன இடத்துல இருந்து மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுங்க. உதறாம, இழுத்துப் பிடிக்காம வழுக்கிட்டு கிளம்பணும். ரிவர்ஸ்ல ஒரு மேட்டு மேல ஏத்தியும் பாருங்க.

சத்துவாச்சாரி வண்டியை இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கணும். காலையில போறேன், நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா என்னவோ மறைக்கிறாங்க. ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு தையல் மிஷின் மாதிரி சத்தம் வந்து நிக்காம ஓடினா வால்வு கிளியரன்ஸ் செட் பண்ணல. சிட்டி இன்ஜின்ல அது 40,000-க்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய வேலை, பெரிய செலவு இல்ல, ஆனா யாரும் பார்க்கிறதில்ல. அப்புறம் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, மெதுவா ஒரு வேகத்தடை மேல ஏத்தி இறக்குங்க. டக் டக்னு சத்தம் வந்தா சஸ்பென்ஷன்ல லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் தேய்ஞ்சிருக்கும்.

ஏசியை மத்தியான வெயில்ல வண்டியை நிறுத்தி வெச்சு, ஐடில்லயே ஓட விட்டுப் பாருங்க. ஓடும்போது எல்லா ஏசியும் குளிரும். கேஸ் சமீபத்துல போட்டிருந்தா எதுக்குப் போட்டாங்கன்னு கேட்கணும். கூலிங் காயில்ல கசிவு இருந்தா டேஷ்போர்டையே கழட்டணும்.

டீச்சரம்மா சொன்ன விர்டஸ் நல்ல வண்டிதான், குளோபல் என்கேப் 5 ஸ்டார். பழைய வண்டியாக் கிடைச்சா தாராளமாப் பாருங்க. ஆனா குடியாத்தத்துல இருந்துக்கிட்டு அவசரத்துக்கு ஒரு பார்ட்ஸ் வேணும்னா சிட்டிக்கு எந்த மெக்கானிக்கும் கை வைப்பான், பார்ட்ஸும் சுலபமாக் கிடைக்கும்.

என் கணக்கு இதுதான். சத்துவாச்சாரி வண்டி நான் சொன்னதுல எல்லாம் தேறினா ஆறரைக்குக் கேளுங்க. மிச்சம் இருக்கிற ஒன்றரை லட்சத்துல நாலு டயர், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ் போக அப்பாவுக்குன்னு ஒரு தொகை கையில நிக்கும். சென்னை வண்டி சுத்தமா இருந்து, ஒன்பதரைக்கு இறங்கி வந்தா, வீட்டுக்காரியும் தினமும் ஓட்டப் போறாங்கன்னா, சின்னதா லோன் போட்டு அதை எடுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்சியில எச்பி, அதாவது வண்டி மேல லோன் இருக்குங்கிற பதிவு, இருக்கான்னு பாருங்க. இருந்தா பேங்க் என்ஓசியும், லோன் முடிஞ்சதுன்னு கொடுக்கிற ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தப்புறம்தான் பாக்கிப் பணம். பேர் மாத்துறதுக்கான 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் ஓனர் உங்க முன்னாடியே கையெழுத்துப் போடணும். முடிஞ்சா சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணிட்டு பட்டறைக்குக் கொண்டு வாங்க, லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்த்துச் சொல்றேன்.