'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' என்று ஏன் எப்போதும் சேர்த்தே எழுதுகிறார்கள்?

நெல்லைச் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். வட வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். கணவரும் பையனும் இப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். இந்த ஊரைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் பிடிபடவில்லை.

என் வேலை ஒப்பந்தத்தில் 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டத்துக்கு உட்பட்டது' என்று போட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்க்கவில்லை. அப்படியானால் வேல்ஸ் தனி நாடா, இங்கிலாந்தின் ஒரு பகுதியா? பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியில் வேல்ஸ் கொடியின் சிவப்பு டிராகன் ஏன் இல்லை என்று பையன் கேட்கிறான். இங்கே பல கார்களின் பின்கண்ணாடியில் 'கோவியுக் டிரவெரின்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அது என்ன?

எங்கள் வார்டில் மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி இருக்கிறார். ஆங்கிலம் முழுக்க நினைவிலிருந்து போய்விட்டது, வெல்ஷ் மட்டும் நிற்கிறது. இங்கிலாந்துக்காரர்களோடு இத்தனை நூற்றாண்டு ஒன்றாக இருந்தும் இந்த மொழி எப்படித் தங்கியது? தேதிப் பட்டியல் வேண்டாம், இணையத்தில் நிறைய இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கதையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் முருகன்:

சட்டம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஸ்காட்லாந்து 1707இல் ஒப்பந்தம் போட்டு இணைந்தது. தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. வட அயர்லாந்துக்கும் நீதிமன்றங்கள் தனி. வேல்ஸை மட்டும் எட்டாம் ஹென்றி 1536, 1543 ஆண்டுச் சட்டங்களால் இங்கிலாந்தோடு கலந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டுக்கும் ஒரே சட்ட எல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் வரி அதுதான். 1746இல் இன்னொரு சட்டம் வந்தது. எந்தச் சட்டத்தில் 'இங்கிலாந்து' என்று எழுதியிருந்தாலும் அதில் வேல்ஸும் அடக்கம் என்றது. வேல்ஸைப் பொறுத்தவரை அதை நீக்கியது 1967இல்தான்.

கொடியும் இதே கணக்குதான் செல்வி. முதல் யூனியன் கொடி 1606இல் வந்தபோது வேல்ஸ் சட்டப்படி இங்கிலாந்துக்குள் இருந்தது. அதனால் இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் சிலுவையும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையும் மட்டும். 1801இல் அயர்லாந்துக்காக செயின்ட் பேட்ரிக் சிலுவையைச் சேர்த்தார்கள். டிராகனுக்கு இடம் வரவே இல்லை.

மேனாய்க்கரை:

முருகன் தம்பி சட்டத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் கார்னார்வனில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் வெல்ஷ் வழியில் படித்தவர்கள். அவர்களுடைய வரலாற்றுப் பாடத்தோடு நானும் படித்தேன், அப்புறம் விட முடியவில்லை. செல்வி, உன் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அதற்குப் பதில் 1588இல் இருக்கிறது. ஆனால் 1282இலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

1267இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியே லெவெலின் ஆப் கிரிஃபித்தை வேல்ஸின் இளவரசர் என்று ஒப்பந்தம் எழுதி ஏற்றுக்கொண்டார். ஹென்றியின் மகன் முதலாம் எட்வர்டு வந்ததும் நிலைமை மாறியது. 1277இல் ஒரு போர், 1282இல் மறுபடி போர். அந்த வருடம் டிசம்பர் 11ஆம் தேதி கில்மெரி என்ற ஊருக்குப் பக்கத்தில், தன் படையை விட்டுப் பிரிந்து நின்ற இடத்தில் லெவெலின் கொல்லப்பட்டார். தலையை லண்டன் கோபுரத்தில் வைத்தார்கள். தம்பி டாவித்தை அடுத்த வருடம் ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொன்றார்கள்.

எனக்கு மனதை உறுத்துவது மூன்றாவது ஆள். லெவெலினுக்கு ஒரே மகள், க்வென்லியன். அந்த 1282இல்தான் பிறந்தாள். பிரசவத்தில் தாய் இறந்தாள், வருடம் முடிவதற்குள் தகப்பனும் போனார். கைக்குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் லிங்கன்ஷயரில் செம்ப்ரிங்கம் என்ற கன்னிமடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் வேல்ஸுக்கு வாரிசு வந்துவிடுமே என்ற பயம். 1337இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தாள். கார்னெத் மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு 2009இல் அவள் பெயரை வைத்தார்கள்.

நீ பார்க்கும் கார்னார்வன், கான்வி, ஹார்லெக் கோட்டைகள் எல்லாம் இந்தப் போருக்குப் பிறகு எட்வர்டு எழுப்பியவை. பியூமாரிஸ் கொஞ்சம் பிந்தியது. சுற்றுலாப் பயணிகள் அழகு என்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டையோடு ஒட்டி மதில் சூழ்ந்த ஊரும் கட்டினார்களே, அதில் குடியேற்றியது ஆங்கிலேயர்களை. வெல்ஷ்காரர்களுக்கு அந்த ஊரில் உரிமை கிடையாது. இன்றைக்கு அதே கார்னார்வன் மதிலுக்குள் கடைக்குப் போனால் காதில் விழுவது பெரும்பாலும் வெல்ஷ். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

1400 செப்டம்பர் 16ஆம் தேதி ஓவைன் கிளிண்டூர் தன்னை வேல்ஸின் இளவரசராக அறிவித்துக் கிளர்ந்தார். ஹார்லெக்கையும் அபரிஸ்ட்வித்தையும் பிடித்தார், 1404இல் மகன்லெத்தில் பாராளுமன்றம் கூட்டினார். 1406இல் பிரெஞ்சு மன்னருக்கு எழுதிய கடிதத்தில் வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என இரண்டு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டார். போரின் நடுவில் ஒரு மனிதர் பல்கலைக்கழகம் பற்றி யோசிக்கிறார் பாருங்கள்! 1409இல் ஹார்லெக் விழுந்தது. அவரை யாரும் பிடிக்கவே இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அதற்குள் பாராளுமன்றம் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்திருந்தது. வெல்ஷ்காரர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது, ஆங்கிலேயர் ஊர்களில் நிலம் வாங்கக் கூடாது. வெல்ஷ் பெண்ணைக் கட்டிய ஆங்கிலேயருக்குக்கூட பதவி கிடையாது.

அதனால்தான் 1536 சட்டத்தை வெறும் அடக்குமுறை என்று சொல்லி முடித்துவிட நான் தயாரில்லை. அதற்கு முன்பு 1485இல் பாஸ்வொர்த் போரில் வென்று மன்னரான ஏழாம் ஹென்றியின் பாட்டனார் பூர்வீகம் எங்களுக்கு எதிர்க்கரையில், வேல்ஸின் ஆங்கிள்சித் தீவில் உள்ள பென்மினித். அவருடைய மகன் எட்டாம் ஹென்றிதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். வெல்ஷ்காரர்களுக்கு ஆங்கிலேயருக்குச் சமமான உரிமை கிடைத்தது, லண்டன் பாராளுமன்றத்தில் இடம் கிடைத்தது. அதற்கு விலையாக மொழியைக் கேட்டார்கள். நீதிமன்றம் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும், வெல்ஷ் மட்டும் பேசுபவருக்குப் பதவி இல்லை. வழக்குக்குப் போன குடியானவர் தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாமல் நின்றார். உரிமை கொடுத்த கையாலேயே அதைப் பயன்படுத்த முடியாமல் செய்தது பெரிய அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அடுத்த தலைமுறையிலேயே, 1563இல், அதே பாராளுமன்றம் பைபிளையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷில் மொழிபெயர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்போது எலிசபெத் ராணி. புராட்டஸ்டன்ட் மதம் வேல்ஸில் வேரூன்ற வேண்டும், மக்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. வேறு வழியில்லை. பக்கத்திலேயே ஆங்கிலப் பிரதியையும் வைக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் படித்து மக்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள் என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். நடந்தது வேறு. 1567இல் வில்லியம் சேல்ஸ்பரியும் மற்றவர்களும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் எழுத்துமுறை வாசிக்கக் கடினம். 1588இல் வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் முழு பைபிளையும் கொண்டுவந்தார். அவர் கவிஞர்களின் பழைய இலக்கிய நடையை எடுத்து, எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். வடக்கு, தெற்கு என்று பேச்சு வேறுபட்ட மொழிக்கு ஒரு பொது எழுத்துநடை கிடைத்தது அதனால்தான். நீதிமன்றத்திலிருந்து துரத்தப்பட்ட மொழி ஞாயிறு தவறாமல் கோயிலில் உரக்க வாசிக்கப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற இன்னொரு பாதிரியார் சுற்றுப்பள்ளிகள் நடத்தினார். ஆசிரியர் ஒரு ஊரில் சில மாதங்கள், பெரும்பாலும் வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில், தங்கி எழுத்தறிவு கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். கையில் இருந்த பாடநூல் பைபிள்தான். 1761இல் அவர் இறப்பதற்குள் இப்படி 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்துவிட்டன. 1800இல் மேரி ஜோன்ஸ் என்ற ஏழைச் சிறுமி ஒரு வெல்ஷ் பைபிள் வாங்க மலைப்பாதையில் பாலா ஊருக்கு நடந்தே போனாள். வெல்ஷ் பிரதிகளுக்கு இருந்த அந்தத் தட்டுப்பாடுதான் 1804இல் லண்டனில் பைபிள் சங்கம் தொடங்கத் தூண்டுதல். பிற்பாடு தமிழ் உட்படப் பல மொழிகளில் பைபிள் அச்சிட்ட அதே சங்கம்தான்.

பாதை நேராகப் போகவில்லை. 1847இல் அரசு அனுப்பிய மூன்று ஆங்கிலேய அதிகாரிகள், ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது, பள்ளிகளைப் பார்த்துவிட்டு இந்த மொழியே முன்னேற்றத்துக்குத் தடை, மக்களின் ஒழுக்கமும் சரியில்லை என்று எழுதிவைத்தார்கள். பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது போகும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இது லண்டன் போட்ட உத்தரவு அல்ல. உள்ளூர் ஆசிரியர்கள் செய்தது, ஆங்கிலம் வந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிப் பல பெற்றோர் ஒத்துக்கொண்டதும்கூட. எனக்கு அதுதான் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

நேரம் கிடைத்தால் பென்மாக்னோ பக்கம் போய்வா. மார்கன் பிறந்த வீட்டை, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வைத்திருக்கிறது. பல மொழி பைபிள்களைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். பாதை மிகக் குறுகல், வண்டியை நிதானமாக ஓட்டச் சொல்.

லிவர்பூல் சேகர்:

ஸ்டிக்கர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் நகரம் செய்த காரியம். 'டிரவெரினை மறவாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள்.

பாலாவுக்கு மேற்கே டிரவெரின் பள்ளத்தாக்கில் கபெல் கெலின் என்று ஒரு கிராமம். பள்ளிக்கூடம், தபால் நிலையம், கல்லறைத் தோட்டத்தோடு ஒரு வழிபாட்டு இல்லம், சில பண்ணைகள். முழுக்க வெல்ஷ் பேசியவர்கள். லிவர்பூல் மாநகராட்சி தண்ணீருக்காக அங்கே அணை கட்ட முடிவு செய்தது. வேல்ஸின் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று நேராகப் பாராளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுபோனார்கள். 1956 நவம்பரில் கிராமத்து மக்கள், குழந்தைகள் உட்பட, எங்கள் லிவர்பூல் தெருக்களில் ஊர்வலமாக நடந்து வந்து கெஞ்சினார்கள். 1957இல் சட்டம் நிறைவேறியது. வேல்ஸின் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. அப்படியும் நிறைவேறியது. 1965இல் ஊர் தண்ணீருக்குள் போனது. அந்த அக்டோபரில் திறப்பு விழா வைத்தார்கள். எதிர்ப்பாளர்கள் ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்துவிட்டதால் சில நிமிடங்களிலேயே விழா முடிந்துபோனது. 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது.

அபரிஸ்ட்வித் பக்கம் சாலையோரச் சுவர் ஒன்றில் 1960களில் எழுதப்பட்ட அந்த வாசகத்தின் ஒரு பகுதியை 2019இல் யாரோ இடித்துவிட்டார்கள். பிறகுதான் வேல்ஸ் முழுக்க ஊருக்கு ஊர் எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் பார்க்கும் ஸ்டிக்கர்கள் அந்த அலையோடு வந்தவை. தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தங்கள் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் ஒருமித்த குரலுக்கு எடையே இல்லை என்பதை வெல்ஷ்காரர்கள் அன்றைக்குக் கண்ணால் பார்த்தார்கள். பிற்பாடு வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் வந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

நெல்லைச் செல்வி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, க்வென்லியன் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். இப்போதும் இரண்டுக்கும் சட்டம் ஒன்றேதானா? இங்கிலாந்தில் இருக்கும் தோழிகள் சொல்வதும் இங்கே நடப்பதும் சில விஷயங்களில் ஒத்துப்போகவில்லை. பையன் பள்ளியில் வெல்ஷ் கட்டாயமா?

மேனாய்க்கரை:

நீதிமன்ற அமைப்பு ஒன்றுதான், செல்வி. சட்டங்கள் பிரிந்துகொண்டே வருகின்றன. 1979இல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள். 1997இல் மறுபடி கேட்டபோது வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேண்டும் என்று முடிந்தது. அதுதான் இன்று கார்டிஃபில் இருக்கும் செனெத். மருத்துவம், கல்வி எல்லாம் அவர்கள் கையில்.

உனக்கு வேலையிலும் வீட்டிலும் உடனே தெரிய வேண்டியது இரண்டு. உறுப்பு தானத்தில் மறுப்புத் தெரிவிக்காதவர் சம்மதித்ததாகக் கொள்ளும் முறை இங்கே 2015 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2020இல்தான். அப்புறம், பிள்ளையைக் கண்டிக்கிறேன் என்று லேசாக அடிப்பதுகூட வேல்ஸில் 2022 மார்ச்சிலிருந்து குற்றம். நம் வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், கணவரிடமும் சொல்லிவை.

வெல்ஷ் பாடம் 16 வயது வரை எல்லா அரசுப் பள்ளிகளிலும் கட்டாயம். பயப்படாதே, சின்ன வயதில் வந்த பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தில் வெல்ஷ் பேசும் உரிமையும் 1942, 1967 சட்டங்களால் படிப்படியாகத் திரும்பி வந்தது. உங்கள் வார்டில் சட்டையில் ஆரஞ்சு நிறச் சின்னம் குத்தியிருப்பவர்கள் வெல்ஷ் பேசுகிறவர்கள். அந்தப் பாட்டிக்கு மருந்து கொடுக்கும்போது அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல். வேலை நேரத்திலேயே ஊழியர்களுக்கு வெல்ஷ் வகுப்பு உண்டா என்று உங்கள் மேலாளரிடம் கேட்டுப் பார்.