வகுப்பறை உதவியாளர்களோட பயிற்சிச் செலவ அரசு ஏத்துக்கணுமா?

கரும்பலகை:
ஒன்பது வருஷமா கிளாஸ்ரூம் அசிஸ்டென்ட்டா இருக்கேன். முதல் நாள் என்கிட்ட சொன்னது இவ்ளோதான், பின்னாடி இருக்கற நாலு பிள்ளைங்களப் பாத்துக்கோங்கன்னு. எப்படிப் பாத்துக்கறதுன்னு யாரும் சொல்லல. எழுத்துக்கூட்டத் திணர்ற பிள்ளைக்கு வார்த்தைய நானே சொல்லிட்டா அது படிக்கக் கத்துக்காதுங்கறது எனக்குப் புரியறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த ரெண்டு வருஷம் என்கிட்ட இருந்த பிள்ளைங்கள நெனச்சா இப்பவும் மனசு கேக்கல. கோர்ஸ் படிக்கணும்னா கைக்காசு போடணும், லீவு போட்டா சம்பளமும் போச்சு. அரசே செலவு பண்ணி பயிற்சி குடுத்து, ஒரு தகுதிச் சான்றும் குடுக்கணும்ங்கறது என் கருத்து. மாத்துக் கருத்து இருக்கறவங்க சொல்லுங்க.

வரிகட்டுபவன்:
மேடம், உங்க உழைப்பக் குறைச்சுப் பேசல. ஆனா பொதுப்பணம்னா கேள்வி கேட்டுத்தான் ஆகணும். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஸ்டார்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. குலுக்கல் முறையில பிள்ளைங்கள மூணு வகையாப் பிரிச்சாங்க, 13-17 பேர் இருக்கற சின்ன வகுப்பு, 22-25 பேர் இருக்கற சாதா வகுப்பு, அதே சாதா வகுப்போட ஒரு முழுநேர உதவியாளர். சின்ன வகுப்புப் பிள்ளைங்க நல்லா முன்னேறினாங்க, உதவியாளர் இருந்த வகுப்புல பெரிசா எந்த வித்தியாசமும் வரல. இங்கிலாந்துல 2003ல தொடங்கின டிஸ் ஆய்வு இதவிட மோசம், உதவியாளர்கிட்ட அதிக நேரம் இருந்த பிள்ளைங்கதான் கம்மியா முன்னேறியிருக்காங்க, அவங்க ஏற்கனவே பின்தங்கினவங்கங்கறதக் கணக்குல எடுத்த பிறகும். இத்தனை தெரிஞ்சும் இன்னும் பணம் போடுங்கன்னா எப்படி? அந்தக் காசுல கூட ரெண்டு ஆசிரியர போடலாமே.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:
சார், டிஸ் ஆய்வ நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. அத நடத்தின பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் கூட இருந்தவங்களும் பழிய உதவியாளர் மேல போடவே இல்ல. பள்ளிக்கூடங்க அவங்கள வேலை வாங்கற விதம், எந்த முன்தயாரிப்பும் இல்லாம கிளாசுக்குள்ள விடறது, இதத்தான் காரணமாச் சொன்னாங்க. ரொம்ப கஷ்டப்படற பிள்ளைய உதவியாளர்கிட்ட தள்ளி விட்டா அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரே கிடைக்காமப் போயிடறாங்க, உதவியாளருக்கோ இன்னைக்கு என்ன பாடம்னே உள்ள வந்தப்புறம்தான் தெரியும், அதனால யோசிக்க வைக்கறத விட்டுட்டு எப்படியாவது அந்தப் பக்கத்த முடிக்க வைக்கறதுதான் நடக்குது. நானும் இதத்தான் பண்ணேன், மறைக்க விரும்பல. கூட வேலை பாக்கறவங்களோட எப்படித் திட்டம் போடறதுன்னு என் பயிற்சிக் காலத்துல ஒரு பீரியட் கூட நடத்தல.

அதே இங்கிலாந்துல, எந்தக் கற்பிக்கற முறை பலன் தருதுன்னு ஆராயற எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு சொல்றதையும் பாருங்க. குறிப்பிட்ட ஒரு திட்டத்துல பயிற்சி எடுத்த உதவியாளர் தனியாவோ சின்னக் குழுவாவோ வாரத்துல சில தடவை, ஒரு தடவைக்கு 20லேர்ந்து 50 நிமிஷம் நடத்தினா, பிள்ளைங்க 3-4 மாசப் படிப்பு கூடுதலா முன்னேறறாங்க.

வரிகட்டுபவன்:
நான் சொல்ல வந்ததும் அதான் மேடம். குறிப்பிட்ட திட்டத்துல பயிற்சி, சரி, ஆனா சான்றிதழ் எதுக்கு? மும்பையிலயும் வதோதராவுலயும் பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு நடத்தின பால்சகி திட்டத்த பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ எல்லாம் சேந்து ஆய்வு பண்ணாங்க. அந்தந்தப் பகுதிப் பெண்கள், பள்ளிப்படிப்பு முடிச்சவங்க, ரெண்டு வாரப் பயிற்சி, பின்தங்கின 15-20 பிள்ளைங்கள தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. மதிப்பெண் நல்லாவே ஏறிச்சு. மாறா அமெரிக்காவுல 2002ல வந்த சட்டம், மத்திய நிதி வாங்கற ஏழைப் பகுதிப் பள்ளிகள்ல பாடத்துக்கு உதவறவங்க ரெண்டு வருஷம் காலேஜ் படிச்சிருக்கணும் இல்லன்னா ஒரு பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணும்னு வெச்சுது. ரெண்டு வருஷ காலேஜ் படிப்பு, எழுத்துக்கூட்டத் திணர்ற பிள்ளைகிட்ட எப்ப பேசாம இருக்கணும்னு சொல்லித் தருமா?

கரும்பலகை:
தராதுதான், ஒத்துக்கறேன். ஆனா பால்சகியில ரெண்டு வாரத்தோட கைய விட்டுடல, வருஷம் முழுக்க பிரதம் ஆளுங்க கூடவே இருந்து உதவி பண்ணாங்க, அந்தச் செலவையும் சேத்துத்தான் பேசணும். இன்னொண்ணு, அந்தப் பொண்ணுங்க சராசரியா ஒரு வருஷம்தான் வேலையில இருந்தாங்க. கத்துக்கிட்டதும் போயிடறாங்க, அடுத்து வர்றவங்க மறுபடி முதல்லேர்ந்து. பிள்ளைங்க விஷயத்துலயும், திட்டம் முடிஞ்சு ஒரு வருஷத்துல அந்த முன்னேற்றத்துல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு.

பென்சில்பெட்டி:
நான் பெத்தவ, ஆய்வு எல்லாம் தெரியாது. என் பையனுக்கு ஆட்டிசம். முதல்ல வந்த உதவியாளர் ரொம்ப அன்பானவங்க, அவன் கையப் புடிச்சே எல்லாத்தையும் எழுதிடுவாங்க, நோட்டு அழகா நிறைஞ்சு வரும், அந்த அக்கா லீவுன்னா அவன் பென்சிலயே தொட மாட்டான். அடுத்து வந்தவங்க நாலு மாசம் கோர்ஸ் படிச்சவங்க. பக்கத்துல உக்காராம ஒரு பெஞ்சு பின்னாடி உக்காந்தாங்க, அவன் முழிச்சா மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுத்தான் வாயத் தெறப்பேன்னு என்கிட்ட சொன்னாங்க. எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு. அரைப்பரீட்சை வர்றதுக்குள்ள அவனே மூணு வரி எழுதினான், கோணலா, அவனே. அந்தக் கோர்ஸுக்கு அவங்க சொந்தக் காசு கட்டினாங்க, படிச்சதுக்கு சம்பளம் துளி கூட ஏறல, அடுத்த வருஷம் வேற வேலைக்குப் போயிட்டாங்க.

வரிகட்டுபவன்:
அக்கா, நீங்க சொன்னத ரெண்டு தடவை படிச்சேன். பயிற்சிக்கு அரசு பணம் குடுக்கட்டும், அதுல இனிமே எனக்கு மறுப்பு இல்ல. ஆனா வேலை நேரத்துக்குள்ள நடக்கணும், டீச்சரும் கூட உக்காரணும், பிள்ளைங்க முன்னேறினாங்களான்னு அளக்கணும். சான்றிதழ் கட்டாயம்ங்கறதுக்கு மட்டும் இன்னும் எதிர்ப்புதான். காகிதம் இல்லாத திறமைசாலிங்கள அது வாசல்லயே நிறுத்திடும், பால்சகிப் பெண்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்காது.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:
அந்த பயம் நியாயமானது சார். அதுக்கு வேலை பாத்துக்கிட்டே தகுதி வாங்கற வழி வைக்கலாம். இங்கிலாந்துல உயர்நிலை உதவியாளர்னு ஒரு தகுதி இருக்கு, மொழியிலயும் கணக்குலயும் அடிப்படைத் தேர்ச்சி இருந்தாப் போதும், டிகிரி வேணாம், வகுப்புல செய்யற வேலைய தரநிலைகளோட ஒப்பிட்டு மதிப்பிடறாங்க. உள்ள வர்றதுக்கு சான்றிதழ் கேக்க வேணாம், உள்ள வந்தவங்க மேல போக அது வேணும்.

கரும்பலகை:
உள்ள வர வேணாம், மேல போக வேணும், இதுக்கு நான் சம்மதம். சம்பளம் ஏறாத சான்றிதழ்னா மட்டும் எனக்கு வேணாம், பென்சில்பெட்டி அக்கா சொன்ன அந்தப் பொண்ணு மாதிரி எத்தனை பேர் போயிட்டாங்கன்னு கண்ணால பாத்தவ நான். திங்கக்கிழமை என் குழுவுக்கு புதுசா ரெண்டு பிள்ளைங்க வர்றாங்க. முன்னாடியே பாடத்தப் பத்திப் பேச கால்மணி நேரம் வேணும்னு எங்க டீச்சர்கிட்ட கேட்டிருக்கேன், ஒன்பது வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்.