வண்டி ஏற்றும் பலகைக்கு என்ன பெயர்: சாய்தளமா, ஏறுபலகையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளைப் பிக்கப் வண்டியில் ஏற்றுவதற்காகச் சாய்த்து வைக்கும் பலகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று திருவாரூர் ஆசிரியர் கேட்டிருந்தார். மூன்று நாட்களுக்குள் சாய்தளம், சரிவுப்பாதை, சறுக்குப்பலகை, ஏற்றுப்பலகை, சாரம் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, வாங்குகிறவர் அதில் எதைப் பார்த்து வாங்குகிறார், எந்த இடத்தில் அது காலை வாரிவிடுகிறது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எனவே பெயருக்கு வருமுன் பலகையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடந்த ஐப்பசியில், வேலை மாற்றலாகி ஓசூருக்குப் போகவிருந்த என் தங்கை மகனின் 350 சிசி வண்டியைக் குடவாசலுக்கு அருகேயுள்ள எங்கள் ஊரிலிருந்து ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. வந்தது குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டியைவிடச் சற்றுப் பெரிய பிக்கப். கொத்தனாரிடம் இரண்டு சாரப்பலகைகளை இரவல் வாங்கிச் சேர்த்துக் கட்டி, மேல்முனையைப் பாடியின் விளிம்பில் வைத்து, கீழ்முனையைத் தரையில் ஊன்றினோம். முதல் கியரில் மெதுவாக ஏற்றியபோது முன்சக்கரம் உள்ளே போய்விட்டது. பின்சக்கரம் பலகையின் நடுவுக்கு வந்த கணத்தில் பலகை பின்னோக்கி நழுவி மேல்முனை விளிம்பை விட்டுக் கீழே விழுந்தது. எஞ்சினின் அடிவயிறு விளிம்பில் உட்கார, பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நான்கு பேர் தாங்கிப் பிடித்துத்தான் வண்டியைக் காப்பாற்றினோம். யாருக்கும் காயமில்லை, சைலன்சர் மட்டும் நசுங்கியது.

நடந்ததற்குக் காரணம் இரண்டு. எஞ்சின் விசையால் சுழலும் பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளும்போது, தான் மிதித்திருக்கும் பலகையை அதே அளவு விசையுடன் பின்னே தள்ளுகிறது; பலகை பிக்கப்போடு பிணைக்கப்படவில்லையானால் அது போகத்தான் செய்யும். இரண்டாவது, மழையில் ஊறிய நம் வண்டல் களியில் பலகையின் கீழ்முனை ஒரு பக்கமாகப் புதைந்து மொத்தப் பலகையும் கோணிக்கொண்டது. கடையில் விற்கும் பலகைகளில் மேல்முனைக்குக் கொக்கியும், பிணைப்பதற்குச் சங்கிலியோ வாரோ இருப்பது முதல் காரணத்துக்காகத்தான். இரண்டாவதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது: கீழ்முனைக்கு அடியில் அகலமான மரத்துண்டு ஒன்றைப் போட்டால் எடை பரவிவிடும்.

அடுத்து நீளம். அந்தப் பிக்கப்பின் தளம் தரையிலிருந்து 32 அங்குல உயரத்தில் இருந்தது. ஆறடிப் பலகை வைத்தால் சாய்வு ஏறத்தாழ 26 பாகை. எட்டடிப் பலகை வைத்தால் 19 பாகைக்குச் சற்று மேல். பத்தடியானால் 15 பாகைக்குச் சற்று மேல். 195 கிலோ எடையுள்ள வண்டியை எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுவதாகக் கொண்டால், ஆறடிப் பலகையில் 87 கிலோவைத் தூக்கும் அளவுக்குப் பலம் வேண்டும். எட்டடியில் 65 கிலோவும் பத்தடியில் 52 கிலோவும் போதும். இதில் உராய்வைச் சேர்க்கவில்லை. நீளம் கூடக்கூட வேலை எளிதாகிறது. ஆனால் பத்தடிப் பலகையை வைத்துக்கொண்டு போக இடம் வேண்டும் என்பதால்தான் மடிக்கும் வகைகள் வந்தன.

செங்குத்தான பலகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலகை முடிந்து பாடியின் தளம் தொடங்கும் முகட்டில் வண்டி ஒரு திருப்பம் திரும்புகிறது. அப்போது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தொங்கும் எஞ்சின் விளிம்பில் உரசுகிறது. நம் ஊர்களில் வேகத்தடையைத் தாண்டும்போது “அடி தட்டுகிறது” என்கிறோமே, அதே நிகழ்ச்சிதான். வில்லைப் போல் வளைந்த பலகைகள் அந்தத் திருப்பத்தைப் பரவலாக்கி அடி தட்டாமல் காக்கின்றன.

தாங்கும் எடையைப் படிக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பலகைகள் சேர்ந்த இணைக்குக் குறித்திருக்கும் எடையை ஒற்றைப் பலகைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஒற்றைப் பலகையில்தான் ஏறுகிறது. சக்கரங்களின் இடைவெளி ஏறத்தாழ நாலரை அடி என்பதால், ஆறடிப் பலகையில் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நின்று முழு எடையையும் அதன்மேல் வைத்துவிடுகின்றன. உடன் நடப்பவரும் அதே பலகையில் கால் வைத்தால் அவருடைய எடையையும் கூட்ட வேண்டும். அவருக்கென்று பக்கத்தில் தனிப் பலகை போடுவது நல்லது. இல்லையென்றால், தரையில் நின்றபடியே இடுப்பு உயரத்துக்கு மேல் போய்விட்ட கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் நிலை வரும். அலுமினியமா இரும்பா என்றால், ஒருவரே தூக்கி வைக்க அலுமினியம், நாள்தோறும் முரட்டு வேலைக்கு இரும்பு என்று பொதுவாகச் சொல்லலாம். பலகையின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வழவழப்பான தகட்டின்மேல் சேற்றுச் சக்கரம் நிற்காது.

இவ்வளவும் இல்லாமலே எங்கள் ஊர் ஓட்டுநர்கள் செய்கிற ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வாய்க்கால் கரையோ களத்துமேடோ இருக்கும் இடத்தில் பிக்கப்பைப் பள்ளத்தில் நிறுத்தி, பின்பக்கத்தை மேட்டை ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 32 அங்குலம் அங்கே எட்டு பத்து அங்குலமாகக் குறைந்துவிடும். சாதாரணப் பலகையே போதும். கடைப் பலகை வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

இனிப் பெயருக்கு வருகிறேன். சாய்தளம் நல்ல சொல். வாக்குச்சாவடிகளிலும் அரசு அலுவலகங்களிலும் சக்கர நாற்காலிக்காகக் கட்டப்படுவதற்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதனாலேயே அது இங்கே பொருந்தவில்லை என்கிறேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும் என்பது வழக்கமான அளவு. நம் எட்டடிப் பலகையோ மூன்றடிக்கு ஓர் அடி உயர்கிறது. முன்னது கட்டடத்தின் உறுப்பு, மனிதருக்கானது, அசையாதது. பின்னது தூக்கிக்கொண்டு போவது, வைத்து எடுப்பது, பிணைக்காவிட்டால் நழுவுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மூன்றுக்கு ஒன்று என்ற செங்குத்தில் சிமெண்டைப் பூசிவிட்டு அதையும் சாய்தளம் என்று கணக்குக் காட்டுகிறவர்களுக்கு வசதியாகிவிடும். சரிவுப்பாதையிலும் இதே சிக்கல் உண்டு. பாதை என்றாலே அது ஓரிடத்தில் கிடப்பது.

சாரம் என்ற சொல்லின்மேல் தஞ்சாவூர்க்காரனான எனக்குத் தனி ஆசை உண்டு என்பதை மறைக்கவில்லை. பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கல் ஏற்றுவதற்காகச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டினார்கள், அதனால்தான் அந்த ஊருக்கு அப்பெயர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 216 அடி உயரத்தை, வழக்கமாகச் சொல்லப்படும் ஆறு கிலோமீட்டருக்குப் பரப்பிப் பார்த்தால் ஏறத்தாழ 90 அடிக்கு ஓர் அடிதான் ஏற்றம். கதையோ வரலாறோ, கணக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இன்று சாரம் என்றால் கட்டட வேலைக்குக் கட்டும் கம்பும் பலகையும்தான் நினைவுக்கு வருகின்றன. கட்டுரையில் எழுதினால் பிழிவு என்ற பொருளும் குறுக்கே நிற்கும். ஆசையை ஒதுக்கிவைக்கிறேன்.

சறுக்குப்பலகையைப் பரிந்துரைத்த நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எது நடக்கக் கூடாதோ அதையே பொருளின் பெயராக வைக்கலாமா? யானைக்கும் அடி சறுக்கும் என்பது குட்டி யானைக்காரர்களுக்கு நாம் நினைவூட்டித் தெரிய வேண்டியதில்லை.

ஏற்றுப்பலகை பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் புணர்ச்சியில் இடறுகிறது. ஏற்று என்ற வினையடியோடு பலகை சேர்ந்தால் அது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாமல் ஏற்றுபலகை என்றுதான் வர வேண்டும். அப்படி எழுதினால் நாக்குக்கு ஒட்டவில்லை. மேலும் “ஏற்றப்பலகை” என்று யாராவது திரித்துவிட்டால், மரத்தின்மேல் ஏறியிறங்கி நடந்து நீர் இறைத்த பழைய ஏற்றத்தின் உறுப்பாகிவிடும்.

எனவே நான் முன்வைப்பது ஏறுபலகை. ஏறிய, ஏறுகின்ற, ஏறும் பலகை என மூன்று காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை. இரும்பிலும் அலுமினியத்திலும் செய்ததைப் பலகை எனலாமா என்று கேட்பவர்களுக்கு, தகரத்தில் எழுதினாலும் அது பெயர்ப்பலகைதான் என்பதே என் விடை. லாரிப் பட்டறையில் “பலகையை வை” என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். நாம் அந்தச் சொல்லுக்கு முன்னால் இரண்டு எழுத்தை மட்டும் சேர்க்கிறோம். ஏறு என்பது காளையையும் குறிக்குமே என்று புலவர் ஒருவர் சொல்லக்கூடும்; மாட்டு வியாபாரிகள் காளையை ஏற்றுவதும் அதே பலகையில்தான் என்பதால் எனக்கு மறுப்பில்லை. இதிலிருந்து மடிப்பு ஏறுபலகை, வில் ஏறுபலகை, பிணைச்சங்கிலி, தாங்கெடை என்ற சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. சக்கரம் உருளாமல் வைக்கும் கட்டைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். திருவாரூர் ஆழித்தேருக்கு இடுகிற முட்டுக்கட்டை இருக்கிறது.

—

நாகப்பட்டினத்திலிருந்து:

ஐயா, தங்கள் மடலைப் படித்தேன். இரண்டு தடைகள். முதலாவது, வண்டியை இறக்குவதும் இதே பலகையில்தான். ஏறுபலகை என்றால் பாதி வேலையைத்தானே சொல்கிறது? இரண்டாவது, இப்போது விற்கும் அலுமினியப் பொருள்களில் பல பலகையே அல்ல. இரு பக்கச் சட்டமும் நடுவில் குறுக்குக் கம்பிகளுமாக ஏணியைப் போலத்தான் இருக்கின்றன. அவற்றில் கால் வைத்து நடந்தால் பாதம் கம்பிகளுக்கிடையே போய்விடும் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். அதைப் பலகை என்று எழுதிவைத்தால், நம்பிக் கால் வைப்பவர் விழுவார்.

—

அன்புள்ள நண்பருக்கு,

முதல் தடைக்கு விடை தங்கள் இரண்டாவது தடையிலேயே இருக்கிறது. ஏணியில் இறங்கவும் செய்கிறோம். அதற்காக இறங்கேணி என்று தனிப்பெயர் வைத்ததில்லை. இரண்டாவது தடையை முழுவதுமாக ஏற்கிறேன். நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மேற்பரப்பு மூடியதை ஏறுபலகை என்றும், குறுக்குக் கம்பிகள் உள்ளதை ஏணிப்பலகை என்றும் பிரித்து வழங்குவோம். வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புவதற்காகப் பின்வரும் விளக்கத்தை எழுதியுள்ளேன். திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்.

ஏறுபலகை: சக்கர வண்டியைத் தரையிலிருந்து சரக்கு வண்டியின் தளத்துக்கு ஏற்றவும் அங்கிருந்து இறக்கவும், மேல்முனையைத் தளத்தின் விளிம்பில் கொக்கியாலும் பிணைச்சங்கிலியாலும் பொருத்திச் சாய்த்து வைக்கப்படும், எடுத்துச் செல்லத்தக்க பலகை.

கீழே மடங்கித் தொங்கும் பின்கதவுக்கு ஓட்டுநர்கள் “டோர்” என்கிறார்கள். பலகையை அதன்மேல் ஊன்றாமல் தளத்தின் விளிம்பில்தான் வைக்க வேண்டும் என்று விளக்கத்தில் சேர்ப்பதானால் அதற்கும் ஒரு சொல் வேண்டும். பின்கதவே போதுமா, மடிகதவு என்போமா என்பதைத் திருவாரூர் ஆசிரியர் சொல்லட்டும்.