ஏதென்ஸ் தவெர்னாவில் இரவு உணவு: எது அவ்வூர் வழக்கம், எது கடையின் குறை?

கேள்வி – கடலோடி

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் நானும் மனைவியும் ஏதென்ஸ் சென்றிருந்தபோது, அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் உள்ள பிளாக்கா பகுதியில் ‘தவெர்னா’ எனப்படும் எளிய கிரேக்க உணவகம் ஒன்றில் இரவு உணவு உண்டோம். கடையின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. அங்கு நடந்தவற்றுள் எது அவ்வூர் வழக்கம், எது அக்கடையின் குறை என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

முதலில் வந்த கிராமத்துச் சாலட் மிக அருமையாக இருந்தது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ் ஆகியவற்றின் மேல் ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரே பாளமாக வைத்து, ஒரிகானோ தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். அடுத்து வந்த ஃபாவா, மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, பச்சை வெங்காயம் தூவிய எளிய உணவு. நம் வீட்டில் நெய் விட்டுக் கடைந்த பருப்பை உண்பது போன்ற நிறைவை அது தந்தது. இறுதியில் கேட்காமலேயே ரவை ஹல்வாவைக் கொண்டுவந்து வைத்து, அதற்குக் காசு வேண்டாம் என்றார்கள்.

இடையில் நடந்தவைதான் உறுத்துகின்றன. மூசாகா என்னும் கத்தரிக்காய்–கொத்துக்கறி அடுக்கின் ஓரங்கள் வாயைச் சுடும் அளவுக்கு இருக்க, நடுப்பகுதி குளிர்ந்தே கிடந்தது. நாங்கள் கேட்காமல் வைத்த ரொட்டிக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். ‘சிபூரா’ என்னும் மீனுக்கு உணவுப்பட்டியல் அட்டையில் கிலோ விலை மட்டுமே இருந்தது. பில்லில் 900 கிராமுக்கு 63 யூரோ என்று வந்தபோது, தட்டில் இருந்த மீன் அவ்வளவு இருந்திருக்குமா என்ற ஐயம் எழுந்தது. மனைவி சைவம் உண்பவர். பரிமாறியவர் ‘இறைச்சி இல்லை’ என்று உறுதி கூறிய தொடுகறித் தட்டில் இளஞ்சிவப்பான ஒன்று மீன்முட்டையால் ஆனது என்பதைப் பின்னரே அறிந்தோம். மனைவி அன்றிரவு வேறெதையும் உண்ணவில்லை. இவற்றையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது?

மறுமொழி – ஒலிவமரம்

கிரேக்கத்தில் பணி நிமித்தம் நெடுநாள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூசாகா, பஸ்தீட்சியோ (பாஸ்தாவும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்டது) போன்றவற்றைத் தவெர்னாக்களில் காலையிலேயே பெரிய தட்டுகளில் அடுப்பிலிட்டுச் சமைத்துவிடுவார்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் கத்தரிக்காயும் கொத்துக்கறியும் மேலே உள்ள பெஷமெல் என்னும் பால்–மாவுச் சாஸும் சரிந்துவிடும் என்பதால், ஆறி இறுகிய பிறகே துண்டு போடுவது வழக்கம். ஆலிவ் எண்ணெயில் சமைத்த பீன்ஸும், அரிசி அடைத்த தக்காளியும்கூட அறையின் வெப்பநிலையில்தான் மேசைக்கு வரும். ஆகவே வெதுவெதுப்பாக வந்தால் அதைக் குறையென்று கொள்ளவேண்டாம். ஆனால் ஓரம் கொதிக்க, நடு குளிர்ந்திருந்தது என்கிறீர்கள். குளிர்பெட்டியில் இருந்ததை எடுத்து மைக்ரோவேவில் அவசரமாகச் சுடவைத்தால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். அதற்கு எந்த மரபும் துணை நிற்காது. உடனே திருப்பி அனுப்பியிருந்தாலும் தவறில்லை.

ரொட்டிக் கட்டணம் அங்கே பரவலாக உள்ளதுதான். வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னால் எடுத்துச் சென்றுவிடுவார்கள்.

மறுமொழி – மீன்சந்தை

மீன் விலை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அயலூரார் அதிகம் மனம் நோவது இதில்தான். கிரேக்கத் தவெர்னாக்களில் முழு மீன் எடைக்கணக்கில்தான் விற்கப்படுகிறது; அந்த எடை பெரும்பாலும் சமைப்பதற்கு முந்திய பச்சை மீனின் எடை. குடலும் செவுளும் நீங்கி, நெருப்பில் நீர் வற்றிய பின் தட்டுக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். ஆகவே தட்டைப் பார்த்து மட்டும் 900 கிராம் பொய்யென்று முடிவுகட்ட இயலாது. எனினும் நல்ல கடைகளில் வாடிக்கையாளரைப் பனிக்கட்டிப் பெட்டியருகே அழைத்து, மீனைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அவர் கண்ணெதிரே எடை போட்டு, விலையையும் சொல்லிவிட்டே அடுப்பில் வைப்பார்கள். உங்களுக்கு அதைச் செய்யவில்லை என்பதே என் பார்வையில் அன்றிரவின் பெருங்குறை. கிலோவுக்கு 70 யூரோ என்பது கடலில் பிடித்த மீனுக்கான விலை போலிருக்கிறது. சிபூரா கிரேக்கத்தில் பெருமளவில் பண்ணைகளிலும் வளர்க்கப்படுகிறது. பண்ணை மீன் இதைவிட மிகவும் மலிவு. எனவே எந்த வகை என்று கேட்பதும் முக்கியம். உறைய வைத்த மீனையும் கணவாயையும் அட்டையில் குறிப்பிட்டுக் காட்டவேண்டும் என்ற விதி அங்கே உண்டு. பெயருக்கு அருகில் நட்சத்திரக் குறியோ சுருக்கெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை என்ற அறிவிப்பு அங்குள்ள உணவக அட்டைகளில் அச்சிடப்பட்டிருக்கும். கையால் எழுதிய துண்டுச்சீட்டை மட்டும் கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி – தாளிப்பு

அம்மையார் பட்ட வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சைவம் உண்ணும் குடும்பத்தினர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது. பரிமாறியவர் பொய் சொன்னார் என்று கொள்ளவேண்டியதில்லை. கிரேக்க மரபுவழித் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை, முதுகெலும்புள்ள மீன் ஆகியவற்றை விலக்குவார்கள். ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகியவற்றையும், நீங்கள் கண்ட தாரமோசலாத்தா என்னும் மீன்முட்டை மசியலையும் உண்பார்கள். அந்த மசியல் ஈஸ்டருக்கு முந்திய பெருநோன்பின் முதல் நாளான தூய திங்களுக்கே உரிய பண்டம். ஆகவே ‘இறைச்சி இல்லை’ என்று அவர் சொன்னது அவர் கணக்கில் உண்மை. நம் கணக்கில் போதாது. இறைச்சி, மீன், மீன்முட்டை, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு. திராட்சை இலைச் சுருளில் கொத்துக்கறி வைத்தும் செய்வார்கள், வெறும் அரிசி வைத்தும் செய்வார்கள். சூடாக எலுமிச்சை–முட்டைச் சாறு ஊற்றி வந்தால் பெரும்பாலும் முதல் வகை.

அதே நோன்பு மரபினால்தான் கிரேக்கச் சமையலில் முழுச் சைவ உணவுகள் இத்தனை செழித்திருக்கின்றன என்பதையும் மறக்கவேண்டாம். எண்ணெயில் வெந்த பச்சை பீன்ஸ், அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சை, எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை, கொண்டைக்கடலைச் சூப் ஆகியவற்றை மட்டும் கொண்டே ஒருவர் அங்கு நிறைவாக உண்ணலாம். அவற்றைக் கேட்டீர்களா?

மறுமொழி – கடலோடி

மிக்க நன்றி. மொச்சையையும் கீரையையும் கேட்கவில்லை. அட்டையின் ஆங்கிலப் பக்கத்தில் அவை இல்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன், முறையாக அச்சிட்டதுதான். ஆயினும் மீன் எந்த வகை என்ற குறிப்பு அதில் இல்லை. கடைக்கு மின்னஞ்சலில் அதைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தபின் சாலட்டையும் ஃபாவாவையும் பாராட்டி, மூசாகாவையும் எடை காட்டாத மீனையும் கண்டித்து என் மதிப்புரையை எழுதுவேன்; ரொட்டியைப் பற்றி எழுதப்போவதில்லை.