தரம் 9 நேர்கோட்டு வரைபு: எந்த மென்பொருள், எந்த இடத்தில்?

கோண்டாவில்_ரீச்சர்:
வணக்கம். அடுத்த தவணை தரம் 9 க்கு நேர்கோட்டு வரைபு. பிள்ளைகள் 38 பேர். கணினிக்கூடத்தில வேலை செய்யிற மெசின் 11, எல்லாம் 4 ஜிபி ராம். இன்ரநெட் வரும், போகும். பழைய மாணவர் சங்கம் ஒரு பாட மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டலாம் எண்டு கேக்குது. வாங்கிறதோ, இல்லாட்டி இலவசமானதையே பாவிக்கிறதோ? 40 நிமிசப் பாடவேளையில எதை எங்க வைக்கிறது?

வெண்கட்டி:
ரீச்சர், மென்பொருளைப் பிறகு பாப்பம். ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, இந்த அலகில வெண்கட்டியால செய்ய ஏலாதது எது எண்டு முதல்ல பிடியுங்கோ. அட்டவணை நிரப்பி, புள்ளி குறிச்சு, அடிமட்டம் வைச்சுக் கோடு கீறுறது கொப்பியிலதான் நடக்க வேணும். சோதனையில வரைபுத்தாள்தான் குடுப்பினம், கொம்பியூட்டர் இல்லை. ஆனா படித்திறன் (கோடு எவ்வளவு சரிஞ்சிருக்கு எண்ட அளவு) மாறக் கோடு சரியிறதும், வெட்டுத்துண்டு (கோடு y அச்சை வெட்டுற இடம்) மாறக் கோடு சரியாம அப்பிடியே மேல கீழ போறதும் கரும்பலகையில காட்ட ஏலாது. மென்பொருளுக்கு வேலை அந்த 15 நிமிசம்தான்.

அதுக்கு ஜியோஜீப்ரா எண்ட வரைபு கீறுற மென்பொருள் காணும். வகுப்பறைப் பாவனைக்குக் காசில்லை. அதின்ர கிளாசிக் 5 பதிப்பை இறக்கிப் பென்ட்ரைவில கொண்டுபோய்ப் போட்டா இன்ரநெட் தேவையில்லை. கோட்டின்ர சமன்பாட்டை எண்ணுக்குப் பதிலா எழுத்துகளோட (y = m x + c) அடிக்க, நகர்த்தி (இழுத்து எண்ணை மாத்திற பட்டை) உருவாக்கவோ எண்டு கேக்கும், ஓம் குடுங்கோ. படித்திறன் எழுத்துக்கும் எக்ஸுக்கும் இடையில ஒரு இடைவெளி விடுங்கோ. விடாட்டி ரெண்டையும் சேர்த்து ஒரே பெயர் எண்டு எடுத்திடலாம்.

நகர்த்தி வழமையா −5 இலிருந்து 5 வரை, 0.1 படியா ஓடும். படியை 1 ஆக்குங்கோ. இல்லாட்டி பிள்ளை 2.3, 2.4 எண்டு இழுத்துக்கொண்டு இருக்கும், ஒண்டும் பிடிபடாது.

இன்னொரு பொறி: ரெண்டு அச்சின்ர அளவும் 1:1 ஆ இருக்க வேணும். யாராவது ஒரு அச்சை மட்டும் இழுத்திட்டா, படித்திறன் 1 உள்ள கோடு 45 பாகையில நிக்காது. "2 ஆக்கினா 90 பாகையோ?" எண்டு கேக்கிற பிள்ளை கட்டாயம் இருக்கும். 2 க்கு ஏறக்குறைய 63 பாகை, 3 க்கு 72. அந்தக் கேள்வி வந்தா பாடம் சரியாப் போகுது எண்டு அர்த்தம்.

பனங்கூடல்:
நேரத்தைக் கணக்குப் பாருங்கோ. கூடத்துக்கு நடக்க 6 நிமிசம், பழைய ஹார்ட்டிஸ்க் மெசின் எழும்ப 5 நிமிசம். மிச்சம் 29. ஒரு மெசினை மாற்றுக்கு விட்டா 10. 8 இல நாலு பேர், 2 இல மூண்டு பேர். நாலு பேர் இருந்தா ஒருத்தர் மவுஸை விடமாட்டார், ரெண்டு பேர் யன்னலுக்கால பாப்பினம். அதால நகர்த்தியைத் தொட முதல் ஒவ்வொருத்தரும் "கோடு எங்க போகும்?" எண்டு கொப்பியில கீற வேணும். பிறகுதான் மவுஸ். 5 நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துங்கோ. நேரசூசியில இரட்டைப் பாடவேளை கிடைச்சா கூடத்துக்குப் போங்கோ, கிடைக்காட்டி வகுப்பறையிலயே புரொஜெக்டர்.

அரைச்சுவர் வகுப்பறை எண்டா வெளிச்சம் படத்தைத் தின்னும். வெளிச்சம் வாற பக்கத்துக்கு முதுகைக் காட்டினபடி திரையை வையுங்கோ, கோட்டைத் தடிப்பாக்குங்கோ. கரண்ட் போய் வந்தா புரொஜெக்டரை உடன போட வேண்டாம், லாம்ப் ஆறட்டும்.

தீவகத்தான்:
சந்தா பற்றி. "எல்லாப் பாடமும் இருக்கு" எண்ட விளம்பரத்தை நம்பாமல் ஒரு மாதப் பரீட்சார்த்தப் பிரதி கேளுங்கள். அதை இருக்கிற மெசின்களில் மிக மோசமானதில் போடுங்கள். பிறகு இன்ரநெட் வயரைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் பேச்சே வேண்டாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த உங்கள் வினாத்தாளை அதில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும், அது மென்பொருளின் பிழையல்ல. யூனிக்கோட்டுக்கு மாற்றி ஒட்டிப் பாருங்கள். அப்போதும் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் வாங்காதீர்கள்.

இரண்டாம் வருடச் சந்தாவை யார் கட்டுவது என்று சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த திகதி கேட்டால் இலக்கம் மட்டும் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசில் பழைய ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாகப் போட வேகமான 11 எஸ்எஸ்டி வாங்குவேன். பனங்கூடல் சொன்ன 5 நிமிடம் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். அது எல்லாப் பாடத்துக்கும் உதவும்.

கோண்டாவில்_ரீச்சர்:
நன்றி. எஸ்எஸ்டியே கேக்கிறன். ஜியோஜீப்ராவைத் தமிழில மாத்தி வைக்கலாமோ?

வெண்கட்டி:
மாத்தலாம். ஆனா மென்பொருள்களின்ர தமிழில தமிழ்நாட்டுச் சொற்கள்தான் கூட. எங்கட பாடநூலில படித்திறன் எண்டு இருக்கிறது அங்க சாய்வு. பலகையின்ர ஓரத்தில ரெண்டு சொல்லையும் எழுதி விடுங்கோ.