ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நீராவி எஞ்சினுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். தடுப்பதா, சேர்ந்துகொள்வதா?

கேள்வி: ஃபயர்மேன் வீட்டுப் பிள்ளை

வணக்கம். என் அப்பாவுக்கு 83 வயது. மீட்டர்கேஜ் காலத்தில் எஞ்சின் கிளீனராக வேலைக்குச் சேர்ந்து, எஞ்சினில் கரி போடும் இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன் என்று படிப்படியாக ஏறி, டீசல் டிரைவராக ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் டீசலைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஒய்.பி. நிற்கிறது. சிமென்ட் மேடை, இரும்பு வேலி, சுற்றிலும் குரோட்டன்ஸ் செடிகள். அப்பாவை மாதம் ஒரு முறை அங்கே அழைத்துப் போகிறேன். போனதும் அவர் செய்யும் முதல் காரியம், வேலிக்குள் குனிந்து போய் சக்கரத்தின் அச்சு சுழலும் ஆக்சில் பாக்ஸ் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது. அந்தக் காலத்தில் வண்டி நின்ற ஸ்டேஷனில் எல்லாம் இறங்கி அப்படித்தான் சூடு பார்ப்பார்களாம். உள்ளங்கையை வைத்தால் வெந்துவிடும் என்பதால் புறங்கை. முப்பது ஆண்டுகளாக நெருப்பே காணாத எஞ்சின் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகப் போகிறது.

போன மாதம் நானும் மேலே ஏறிப் பார்த்தேன். நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே அரசமரச் சருகு, பிளாஸ்டிக் பாட்டில்கள், யாரோ போட்டுவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு. பிரஷர் கேஜ் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. விசிலைக் காணவில்லை. பித்தளை என்று எதுவுமே மிச்சமில்லை. வெளியே இறங்கியபோது பாய்லர் அடிப்பகுதியில் பெயின்ட் ஒரு கொப்புளம்போல் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து பழுப்பு நிறத் தண்ணீர் என் மணிக்கட்டு வரை வழிந்தது. அன்று மழை இல்லை. முந்தின வாரமும் இல்லை.

இப்போது ஒரு விழாவுக்காக அந்த எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். கறுப்பு, வெள்ளி, சிவப்பு என்று மூன்று வண்ணம். ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களிடம் நன்கொடை கேட்டு என்னிடமும் வந்தார்கள். அந்தக் கொப்புளத்தின் மேலேயே தூரிகை ஓடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இந்தப் பணத்தை வேறு எதற்குச் செலவிட்டால் எஞ்சின் பிழைக்கும்? அதில் மறுபடி நெருப்பு மூட்ட வாய்ப்பு உண்டா? ஒரே ஒரு முறை, நின்ற இடத்திலேயே நீராவி கட்டினால் போதும். அப்பா இருக்கும்போதே நடந்தால் நன்றாக இருக்கும்.

பதில் 1: பாய்லர்மேக்கர் (ஓய்வு)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் ஆசை கலந்திருக்கிறது. ஆசை கலந்த இடத்தில்தான் விபத்து நடக்கும். அந்த எஞ்சினில் நெருப்பு மூட்டாதீர்கள். யாராவது மூட்டலாம் என்று சொன்னாலும் விடாதீர்கள்.

ஒய்.பி. பாய்லரின் வேலை அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. ஃபயர்பாக்ஸ் தகட்டையும் வெளித் தகட்டையும் பிடித்து நிறுத்துபவை நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். சிறு சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்பது எங்கள் வேலை. சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். நல்ல ஸ்டே கணீரென்று பதில் சொல்லும். உடைந்தது விரிசல் விட்ட பானைபோல மந்தமாக ஒலிக்கும். நீங்கள் சொன்ன அந்தப் பழுப்புத் தண்ணீரைப் படித்ததும் எனக்கு அந்த மந்தமான சத்தம்தான் காதில் விழுந்தது. இனி அதில் நீராவி கட்ட வேண்டுமானால் நெருப்பின் சூடு போகும் டியூபுகளை எல்லாம் உருவி, தகட்டின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, தேய்ந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, பாய்லர் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நன்கொடையில் நடக்கிற காரியம் இல்லை.

இனி முதல் கேள்வி. எஞ்சினைத் தின்பது மழை மட்டுமல்ல, மழையும் சாம்பலும் சேர்ந்த சேறு. நிலக்கரிப் புகைக்கரியில் கந்தகம் உண்டு. புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, அதற்குக் கீழே புகை சேரும் ஸ்மோக்பாக்ஸ் அடியில் கிடக்கும் கரியில் ஊறினால் அது அமிலமாகிவிடும். கடைசியாக ஓடிய நாளின் கரி இன்றும் உள்ளே கிடக்கும். யாரும் வாரியிருக்க மாட்டார்கள். ஆகவே புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி போடுங்கள். ஸ்மோக்பாக்ஸையும் சாம்பல் தட்டையும் சுரண்டி வாரிக் காய விடுங்கள். பாய்லர் அடியில் இருக்கும் வாஷ்அவுட் பிளக்குகளையும் டிரெயின் காக்குகளையும் திறந்தே வையுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்கக் கூடாது. கம்பி, ராடு, பின் எல்லாவற்றுக்கும் கெட்டியாகக் கிரீஸ்.

இவையெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய பணம் இருந்தால் கூரை போடுங்கள். நாலு தூணும் தகரமும் போதும். பத்து முறை பெயின்ட் அடிப்பதைவிட ஒரு கூரை மேலானது.

இன்னொன்று, இதை எல்லோரிடமும் சொல்லுங்கள். பாய்லரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டை யாரும் கழற்றக் கூடாது. அதற்கு அடியில் அந்தக் காலத்தில் கல்நார்தான் பொதிந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அதை எடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். புறங்கை என்று படித்ததும் நான் ஒரு நிமிடம் மேற்கொண்டு படிக்கவில்லை.

பதில் 2: கல்லாறு பயணி

பாய்லர்மேக்கர் ஐயா சொன்னதற்கு மேல் எஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அப்பாவுக்கு உயிருள்ள நீராவியைக் காட்ட வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போங்கள்.

நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவிதான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் தொடங்கிவிடும். 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுக்காது. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். அவற்றில் இரண்டு, சக்கரங்களைச் சுழற்றும். அதில் வேலை செய்து வந்த நீராவியே மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அதனால் பல் சட்டத்தில் ஏறிய கணத்தில் சத்தமே மாறிவிடும். ஒற்றைத் தாளமாக இருந்தது இரட்டைத் தாளமாகக் குழம்பும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் உங்கள் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புதிய எஞ்சின்களையே செய்தார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை. பிறகு 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்று. நம் நாட்டில் அகலப்பாதையில் வழக்கமான நீராவி வண்டி 1995 டிசம்பரோடு நின்றுபோனது. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து ஒரு பணிமனையில் புது நீராவி எஞ்சின் பிறந்தது என்றால், வரைபடம் படிக்கவும் சிலிண்டர் பொருத்தவும் தெரிந்த கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. மேட்டுப்பாளையம் வண்டிக்கு இடம் எளிதில் கிடைக்காது; முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் போய்த் திரும்பினால் டீசல் எஞ்சின்தான் வரும். ஏமாந்துவிடாதீர்கள்.

பதில் 3: வார இறுதி கிளீனர்

நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஒரு பாரம்பரிய ரயில் பாதையில் சம்பளமில்லாமல் எஞ்சின் துடைக்கிறேன். சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கரி அள்ளும் ஷவலை இன்னும் என் கையில் தரவில்லை. முதலில் துடை, துடைக்கும்போது எங்கே விரிசல் இருக்கிறது என்று பார், பிறகு மற்றதெல்லாம் என்பது அவர்கள் முறை.

நெருப்பு மூட்டுவது எவ்வளவு பெரிய பாரம் என்பதற்கு ஒரு கணக்கு: இங்கே ஓடும் எஞ்சினைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஆணி வேர் வரை பிரித்துப் பாய்லரைத் தனியே தூக்கிச் சோதிக்கிறார்கள். அதற்குப் பணம் சேரும்வரை பல எஞ்சின்கள் குளிர்ந்துபோய் வரிசையில் நிற்கின்றன. நின்றாலும் கூரையின் கீழ்தான்.

மனம் தளர வேண்டாம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. வேல்ஸில் பேரி என்ற ஊரில் ஒரு பழைய இரும்பு வியாபாரி கிட்டத்தட்ட 300 நீராவி எஞ்சின்களை உடைக்க வாங்கினார். சரக்குப் பெட்டிகளை உடைப்பது லாபமாக இருந்ததால் எஞ்சின்களை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவைத்தார். கடற்காற்றில் அவை ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்தன. அவற்றிலிருந்து 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி மீட்டார்கள். பல இன்று ஓடுகின்றன. ஒரு எஞ்சினைச் சாகாமல் வைத்திருந்தால் போதும், அடுத்த தலைமுறையில் யாராவது வருவார்கள்.

ஆனால் இரும்பு காத்திருக்கும், 83 வயது காத்திருக்காது. அதனால் நான் சொல்ல வந்தது இதுதான்: அப்பாவைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து “எப்படிக் கரி போட்டீர்கள்?” என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்வார். எங்கள் பாதையில் ஒரு முதிய டிரைவரிடம் அப்படிக் கேட்டு ஒன்றும் பெயரவில்லை. கையில் ஷவலைக் கொடுத்து எஞ்சின் மேல் ஏற்றிய பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். கைதான் ஞாபகம் வைத்திருக்கிறது.

மீண்டும்: ஃபயர்மேன் வீட்டுப் பிள்ளை

மூவருக்கும் நன்றி. இடையில் மூன்று வாரம் ஓடிவிட்டது.

கரி அள்ளும் ஷவல் கிடைக்கவில்லை. மண் அள்ளும் சாதாரண ஷவலின் பிடியைக் குட்டையாக அறுத்து எடுத்துப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி வாங்கி, நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்து அப்பாவை மேலே ஏற்றினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது காலை முன்வைத்து, கரி ஏற்றும் டெண்டர் பெட்டிக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் நடுவில் பக்கவாட்டாக நின்றார். பாதம் நகரவே இல்லை. இடுப்பு மட்டும் திரும்பியது. இல்லாத கரியை அள்ளி, பின் மூலை இரண்டுக்கும் முதலில், பிறகு பக்கவாட்டில், பிறகு முன்னால். நடுவில் போடவே இல்லை. “நடுவிலே தானாகச் சரிந்து வரும். நெருப்பு தட்டுமாதிரி இருக்க வேண்டும், ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்து” என்றார். ஒவ்வொரு முறையும் இடது கையை நீட்டிக் கதவை மூடும் பாவனை. ஏன் என்று கேட்டேன். “திறந்தே வைத்தால் குளிர்காற்று நேராக டியூபில் போய் அடிக்கும். டியூப் ஒழுகும்.”

நாலு அள்ளுக்கு ஒரு முறை தலையை உயர்த்தி ஓரிடத்தைப் பார்த்தார். பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் இருந்த இடம். அங்கே இப்போது இரண்டு ஓட்டைகள்தான். இருந்தும் பார்த்தார். தண்ணீர் பாதிக் கண்ணாடிக்குக் கீழே போனால் வண்டி ஏற்றம் மாறும்போது ஃபயர்பாக்ஸ் கூரை காய்ந்துவிடும் என்றார். அங்கே ஈயம் ஊற்றிய பிளக் உருகி நீராவி நெருப்பின் மேல் பாயும். அப்படி ஒரு முறைகூடத் தன் எஞ்சினில் ஈயம் உருகியதில்லை என்றபோது நிமிர்ந்து நின்றார். தம்பி ஐம்பது நிமிடம் படம் பிடித்திருக்கிறான். புகையின் நிறத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிடம்: கறுப்பாக வந்தால் கரி வீண், ஒன்றுமே வராவிட்டால் நெருப்பில் ஓட்டை, இளஞ்சாம்பல் நிறத்தில் வர வேண்டும்.

விழாக்குழுவிடம் பேசினேன். பெயின்ட் விழாவுக்கு முன் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கொப்புளங்களைச் சுரண்டிக் காய வைத்த பிறகே அடிக்க ஒப்புக்கொண்டார்கள். தகட்டைக் கழற்ற மாட்டார்கள். கல்நாரைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். புகைபோக்கி மூடி போன வெள்ளிக்கிழமை போட்டாகிவிட்டது. ஸ்மோக்பாக்ஸிலிருந்து ஈரக் கரி ஏழு சிமென்ட் சாக்கு வந்தது. என் நன்கொடையைக் கூரைக்கு என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற இன்னும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. மதிப்பீடு வாங்கப் போகிறோம். குன்னூர் டிக்கெட்டுக்கும் முயன்று வருகிறேன்.

பதில் 4: பாய்லர்மேக்கர் (ஓய்வு)

ஏழு சாக்கா! நல்ல வேலை செய்தீர்கள்.

மதிப்பீடு வாங்கும்போது கூரையின் ஓரம் எஞ்சினுக்கு வெளியே இரண்டு பக்கமும் குறைந்தது நாலடி நீளட்டும் என்று சொல்லுங்கள். நேர் மழையைவிடச் சாரல்தான் சக்கரத்தைக் கெடுக்கும். சுற்றியுள்ள செடிகளையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஊற்றும் தண்ணீர் ஆக்சில் பாக்ஸில் தெறிக்கும். உங்கள் அப்பா கை வைக்கிற இடம் அது.