இலவச ஓவிய வகுப்பு: பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளை என்ன செய்வது?

கேள்வி
வணக்கம். நகரத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் இலவசமாக ஓவியம் சொல்லித்தருகிறேன். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. தாள், வண்ணம், தூரிகை எல்லாம் நாங்களே கொடுக்கிறோம். ஆரம்பத்தில் உட்கார இடமில்லை. இப்போது பாதிப் பேர் வருவதில்லை. வந்தால் எழுந்து போக மனமில்லாமல் வரைகிறார்கள், அதனால் ஆர்வம் போய்விட்டதாகத் தோன்றவில்லை. வேறு என்ன காரணமாக இருக்கும்?

பதில் 1
பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள். பஸ் காசு இருக்காது, இருட்டிய பிறகு தனியாகத் திரும்ப முடியாது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. வண்ணத்தில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, போக்குவரத்துச் செலவைக் கொடுத்துவிடுங்கள்.

என்னிடம் ஒரு சிறுமி வந்தாள். வரைவாள், அழிப்பாள், தாள் கிழியும்வரை அழிப்பாள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். விசாரித்தால், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, கறுப்பு மைப் பேனா கொடுத்து, "தம்பியை வரை" என்றேன். மூக்கு கோணிப்போனது. அழிக்க வழியில்லை. பக்கத்தில் நிழல்கோடு போட்டுப் போட்டு அந்த மூக்கை அவளே நிமிர்த்திவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தவறாமல் வந்தார்கள்.

இன்னொன்று, வாரத்துக்கு ஓர் ஆசிரியர் என்று மாற்றாதீர்கள். போன வாரம் எங்கே விட்டோம், பரீட்சை எப்படிப் போனது என்று கேட்க, தெரிந்த ஒரு முகம் வேண்டும். திறமைசாலியான விருந்தாளியைவிட வாராவாரம் வருகிற சாதாரண ஆசிரியர்தான் இந்தப் பிள்ளைகளுக்கு முக்கியம்.

பதில் 2
மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குச் சொல்லித்தர விடுங்கள். வெனிசுலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய 'எல் சிஸ்டமா' இசைத் திட்டம் அப்படித்தான் வளர்ந்தது. ஆரம்பத்திலிருந்தே பிள்ளைகள் குழுவாக வாசிப்பார்கள். கொஞ்சம் தெரிந்தவர் அடுத்தவருக்குக் காட்டிக்கொடுப்பார். புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ டுடாமெல் அங்கிருந்து வந்தவர்.

கேள்வி கேட்டவர்
நன்றி. வீடுகளுக்குப் போகத் தொடங்குகிறேன். பெரிய பையன்கள் பகுதிநேர வேலைக்குப் போய்விடுகிறார்களே, அதற்கு? அப்புறம், "படிப்பு கெடும்" என்கிற பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1
வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக்கு அந்தப் பணம் தேவை. பாஸ்டனில் 1991 முதல் இயங்கும் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பு பதின்பருவத்தினருக்குச் சம்பளம் கொடுத்தே கலைப்பணி தருகிறது. உங்கள் அளவில், சுவரோவியம், அழைப்பிதழ் மாதிரி வேலைகள் கிடைத்தால் வரைந்தவர் கையிலேயே கூலியைக் கொடுங்கள்.

பெற்றோர் விஷயத்தில், அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வசதி குறைந்த மாணவர்களில் கலையில் அதிகம் ஈடுபட்டவர்கள் படிப்பிலும் மேலாக இருந்ததாக அது சொன்னது. ஆனால் கலைதான் அதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. அதனால் மதிப்பெண் கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பரீட்சை வாரங்களில் வகுப்பை நிறுத்துங்கள், அந்தத் தேதிகளை இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் படங்களைச் சட்டமிட்டு, பெயர் எழுதி மாட்டி, அம்மா அப்பா வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் ஒரு கண்காட்சி வையுங்கள்.